அக்காவின் தாடை

என் அக்கா பேசினால் தெருமுனையில் நிற்பவனுக்கும் என்ன பேசுகிறாள் என்று தெரிந்துவிடும். குரலால் அல்ல, அவளுக்கு மெல்லிய குரல். வாய்தான் அப்படித் திறக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு குவியும், விரியும், தாடை கீழே இறங்கி ஏறும். 'தண்ணி கொண்டு வா' என்று சொல்லி முடிப்பதற்குள் முகத்தில் இருக்கிற எல்லாத் தசையும் ஒருமுறை வேலைக்குப் போய்த் திரும்பும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்தவனை அக்கா ஒரு பார்வை பார்ப்பாள், அதோடு சரி.

எல்லாம் பாப்பாவுக்காக. பாப்பா அக்காவின் ஒரே மகள். முப்பது வயதாகிறது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு, ஆனால் அதில் பாதி எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும், உதட்டில் தெரியாது. பாப்பா என்றால் உதடு இரண்டு தடவை ஒட்டிப் பிரியும், வாய் இரண்டு தடவை அகலமாகத் திறக்கும், அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும். 'மாமா' என்று சொன்னாலும் உதடு அதே மாதிரிதான் போகும் என்பதால், சின்ன வயதில் வீட்டில் யார் மாமாவைக் கூப்பிட்டாலும் இவள் முந்திக்கொண்டு ஓடி வருவாள். என் மாமா அதற்காகவே அவளுக்கு மிட்டாய் வைத்திருப்பார்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே சலவைக் கடையில் வேலை பார்த்தோம். முன்னால் கவுன்டரில் அக்கா. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பாப்பா. கறை எடுப்பதும் இஸ்திரி போடுவதும் அவள் வேலை. ஓரத்தில் என் தையல் மெஷின். ஜிப் மாற்றுவது, பட்டன் தைப்பது, கால் மடிப்பது எல்லாம் நான். வாடிக்கையாளர் ஒரு சட்டையை நீட்டி ஏதாவது சொல்வார். அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், வாயை மட்டும் அசைத்து அதைப் பாப்பாவுக்குச் சொல்வாள். துரு. டீ இல்லை. துரு. பாப்பா கட்டை விரலை உயர்த்துவாள். காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்குகிற வரை இதுதான். வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதுதான். பஸ்ஸில் கண்டக்டர் சொன்னதை, பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை, டிவியில் அழுகிறவள் எதற்கு அழுகிறாள் என்பதை, எல்லாவற்றையும் அக்கா தன் வாயால் இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும். வாய் ஓயாத பெண் என்று எத்தனையோ பேரைச் சொல்கிறோம். உண்மையில் வாய் ஓயாதவள் என் அக்கா ஒருத்திதான்.

இப்படித்தான் ஆக வேண்டும் என்று விதியா? கிடையாது. பாப்பாவை முதலில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்திருந்தாள். அங்கே பிள்ளைகள் கையால் பேசும். பாப்பாவும் பேசத் தொடங்கினாள், நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சின்ன விரல்கள் அவ்வளவு வேகமாகப் போகும். ஒருநாள் அக்கா அவளைக் கூட்டிவரப் போனபோது பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகள் கையாட்டிப் பேசிக்கொண்டு நின்றார்கள். அங்கே நின்ற இரண்டு தடியர்கள் அதே மாதிரி கையை ஆட்டி, பல்லை இளித்து, குரங்கு மாதிரி குதித்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான், அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

"என் பொண்ணு வாயால பேசுவா. நாலு பேரு பாத்துச் சிரிக்கிற மாதிரி கைய ஆட்டிக்கிட்டுத் திரிய மாட்டா" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அன்று முதல் வீட்டில் ஒரு பாடம் நடந்தது. சுவரில் பெரிய கண்ணாடி, அதன் முன்னால் மேஜை, இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள். பாப்பாவின் கை எழுந்தால் அக்கா அந்த இரண்டு கைகளையும் பிடிப்பாள், மேஜைமேல் வைத்து அழுத்துவாள், பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டுவாள். இங்கே பார், இப்படிச் சொல். மறுபடி எழுந்தால் புறங்கையில் ஒரு தட்டு. அழுத்தமாகத் தட்டமாட்டாள். ஆனால் விடமாட்டாள். சாப்பிடும்போது சாப்பாட்டுக்கு எடுக்கிற கை தவிர மற்றது தொடைக்கு அடியில் இருக்க வேண்டும். கடைசியில் அந்தக் கைகள் பேச மறந்துபோயின.

அத்தான் மட்டும் இந்தப் பாடத்தில் சேரவில்லை. அவருக்கு உதட்டை மூடிக்கொண்டு தொங்குகிற மீசை. "அதை எடுங்க, பிள்ளைக்கு உங்க வாயே தெரியல" என்று அக்கா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மீசையை எடுக்கிறதாவது! மனுஷர் லாரி ஓட்டப் போய், வருவதைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வராமலேயே போனார். மகளோடு பேசுவதைவிட மீசை பெரிதாகப் போன ஆளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

அக்காவின் பாடத்தில் ஒரு கோளாறு இருந்தது. ஊரில் வேறு யாரும் அவளைப் போல வாயைத் திறந்து பேசுவதில்லை. மற்றவர்கள் உதட்டுக்குள்ளேயே பேசுவார்கள், பாதிச் சொல்லை விழுங்குவார்கள், பேசும்போதே திரும்பிக்கொள்வார்கள். பாப்பா உலகத்தில் ஒரே ஒரு வாயைத்தான் படிக்கக் கற்றுக்கொண்டாள். நானே அவள் முன்னால் உட்கார்ந்து வாயை எவ்வளவு அகட்டிப் பேசினாலும் கொஞ்சம் பார்ப்பாள், பிறகு பாவமாக அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். அதே போல, பாப்பா வாயால் சொல்வதும் அக்காவுக்கு மட்டும்தான் முழுக்கப் புரியும். 'சித்தி' என்று என்னைக் கூப்பிடுவது தவிர பாதிக்கு மேல் எனக்கே பிடிபடாது. நான் இதைச் சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நான் இருக்கேன்ல. அப்புறம் என்ன?"

அந்த 'நான் இருக்கேன்'தான் கடைசியில் தாடையில் வந்து உட்கார்ந்தது.

முதலில் சத்தம்தான். அக்கா வாயைத் திறக்கும்போதெல்லாம் காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று கேட்கும். எனக்குத் தையல் மெஷின் ஓடும்போதும் கேட்கும். பாப்பாவுக்கு எப்படிக் கேட்கும்? பல வருஷம் அந்தச் சத்தம் எங்கள் கடையில் ஒரு ஆள் மாதிரி இருந்தது. பிறகு வலி வந்தது. காலையில் எழும்போதே கன்னம் கல்லாக இறுகியிருக்கும். நெற்றிப் பொட்டில் தெறிக்கும். காதுக்குள் குத்தும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாள். கடையில் வாடிக்கையாளர் ஏசும்போது பதில் பேச முடியாமல் விழித்துக்கொண்டே கடிப்பாள்.

காது வலி என்று நினைத்துக் காது டாக்டரிடம் போனாள். பாப்பாவுக்குக் காது கேட்காது என்று அன்றைக்குச் சொன்ன அதே டாக்டர். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது நல்லா இருக்கும்மா, பல் டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார். அக்கா போனது எங்கள் தெருவில் இருந்த பல் பிடுங்குகிற இடத்துக்கு. அவன் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினான். வலி அசையவில்லை, பல் இரண்டும் போனதுதான் மிச்சம். அந்தப் பக்கம் மெல்ல வழியில்லாமல் மறுபக்கமாகவே மென்று மென்று அங்கேயும் வலி தொடங்கியது. நான் தலையில் அடித்துக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பெரிய பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே தாடையைப் பார்க்கிற டாக்டர் ஒரு பெண். நின்று நிதானமாகப் பேசினார். அக்காவின் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். பிறகு அக்காவின் விரலையே எடுத்து அங்கே வைத்தார்.

"உருளுது தெரியுதா? இதுதான் தாடை மூட்டு. நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். உங்களுக்கு அது எடம் நகர்ந்து நகர்ந்து திரும்புது, அதான் டக்குனு சத்தம். வெறும் சத்தம்னா பயப்பட ஒண்ணுமில்ல. வலியும் இருக்கு, சில நாள் தாடை மாட்டிக்குதுன்னும் சொல்றீங்க, அதனால இதை விடக்கூடாது. காதுலயும் ஒண்ணுமில்ல, பிடுங்கின பல்லுக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமும் இல்ல."

அக்கா நாக்கால் அந்தக் காலி இடத்தைத் தடவிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "முக்கால்வாசிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே அடங்கிடும். வெந்நீர்ல துணி நனைச்சுக் கன்னத்துல வைங்க. கொஞ்ச நாளைக்கு மெத்துன்னு சாப்பிடுங்க, சின்னச் சின்ன வாயா. பல்லும் பல்லும் மெல்லும்போதும் முழுங்கும்போதும்தான் தொடணும். மத்த நேரம் உதடு மூடியிருக்கட்டும், பல்லு விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்துல இருக்கட்டும். கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கைய முட்டுக் கொடுங்க. ராத்திரி பல்லுல மாட்டிக்க அளவெடுத்து ஒரு பிளேட் தர்றேன். முக்கியமானது ஒண்ணு, வாயை அகலமாத் திறக்கவே கூடாது."

நான் அப்போதுதான் கவனித்தேன், என் பற்களும் இறுகக் கடித்துக்கொண்டிருந்தன. மெதுவாக விலக்கினேன். கன்னம் இரண்டும் இளகியது. இத்தனை வருஷம் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறேன் போல.

டாக்டர் கேட்டார்: "பாடுவீங்களா? டீச்சரா?"

 நான் பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்குக் கை பாஷை தெரியாதா?"

"தெரியாது. தெரியவும் வேணாம்" என்றாள் அக்கா. சொல்லும்போதே 'டக்'.

டாக்டர் சொன்னதில் பாதியை அக்கா ஒழுங்காகச் செய்தாள். ஒத்தடம் கொடுத்தாள். கஞ்சியும் குழைந்த சோறும் சாப்பிட்டாள். பிளேட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். காலையில் கன்னம் இறுகுவது குறைந்தது, காதுக்குத்தல் தணிந்தது. எனக்கே நம்பிக்கை வந்தது. மிச்சப் பாதியை, அதாவது வாயைச் சிறிதாகத் திறப்பதை, ஒரே ஒரு நாள் முயன்றாள். கவுன்டரிலிருந்து பாப்பாவைப் பார்த்து, எல்லாரும் பேசுகிற மாதிரிச் சின்னதாக ஏதோ சொன்னாள். பாப்பா நெற்றியைச் சுருக்கினாள். அக்கா திரும்பச் சொன்னாள். பாப்பா கண்ணாடித் தடுப்பில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். மூன்றாவது தடவை சொன்னபோது பாப்பாவின் கண் கலங்கிவிட்டது. முப்பது வயதுப் பெண் தெருவில் அம்மாவின் கையைத் தவறவிட்ட குழந்தை போல விழித்தாள். அவ்வளவுதான். அக்கா வாயைப் பழையபடி அகலத் திறந்தாள், பாப்பா சிரித்தாள், பகலெல்லாம் கெடுத்துக்கொண்டு ராத்திரிக்கு மட்டும் பிளேட் போட்டு என்ன பிரயோஜனம் என்று நான் கத்தினேன். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கூட்டமான காலையில் அது நடந்தது. ஒருவர் கறுப்புக் கோட்டைக் கொடுத்து, உள்பையில் ஏதோ வைத்துவிட்டேன் என்று பதறினார். அக்கா பாப்பாவைப் பார்த்து, 'பாப்பா, பை' என்று ஆரம்பித்தாள். முதல் 'பா'வில் திறந்த வாய் மூடவில்லை. தாடை முன்னால் நழுவி அப்படியே நின்றுவிட்டது. கன்னம் நீண்டு, கண் பிதுங்கி, வாயோரம் எச்சில் வழிய அக்கா கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டுக்காரர் பின்வாங்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா அம்மாவின் வாயையே உற்றுப் பார்த்தாள். புதிதாக ஏதோ எழுத்து என்று நினைத்திருக்க வேண்டும். அவளும் தன் வாயை அதே மாதிரி அகலத் திறந்து, 'இதுவா?' என்பது போலத் தலையசைத்துக் கேட்டாள்.

நான் மெஷினை விட்டு எழுந்து ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கட்டை விரல் இரண்டிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, கடைவாயில் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். அக்கா போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. தாடை பொருந்தியதும் முகவாயிலிருந்து உச்சந்தலைக்குத் துணிக்கட்டு போட்டார்கள். ஒருமுறை நழுவின மூட்டு சுலபமாக மறுபடி நழுவும், சில வாரத்துக்குக் கட்டு இருக்க வேண்டும், வாயைத் திறந்தால் திரும்ப இங்கேதான் வர வேண்டியிருக்கும், வரவர இப்படித் தள்ளினாலும் உட்காராது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

செத்தவர்களுக்குத்தான் அப்படித் தாடையைக் கட்டிப் பாப்பா பார்த்திருக்கிறாள், எங்கள் அப்பாவுக்கு. அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

எழுதிக் காட்டலாமே என்று தோன்றும். நாங்களும் எழுதினோம். பாப்பாவுக்கு எழுத்து தெரியும். துணியின் பெயர், கறையின் பெயர், எண்கள் எல்லாம் அத்துப்படி. ஆனால் வாக்கியம் வராது. 'அம்மா வலி கோபம் நான்' என்று எழுதுவாள். அம்மாவுக்கு வலியா, அம்மாவுக்குக் கோபமா, என்மேலா என்று அவள் கேட்கிறாள் என்பது புரிய எனக்கே நேரம் பிடித்தது. நான் பதில் எழுதினால் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்ப்பாள், பிறகு தாளைத் தள்ளிவிட்டு அம்மாவின் வாயைப் பார்ப்பாள். கட்டுக்குள் மூடிக் கிடக்கிற வாயை.

கடையிலும் சமாளிக்க முடியவில்லை. பாப்பா துருக்கறைக்குப் போடுகிற மருந்தை வேறு கறையில் போட்டு ஒருவருடைய நல்ல உடையைப் பாழாக்கிவிட்டாள். நான்தான் சொல்லியிருந்தேன், வாயை அகட்டி, விரலால் காட்டி. அவளுக்கு அது வேறாகத் தெரிந்திருக்கிறது. முதலாளி நல்ல மனிதர், கத்தவில்லை.

"அம்மா வாய் சரியாகட்டும், அதுவரைக்கும் பொண்ணு வீட்டுல இருக்கட்டும்மா" என்றார்.

வீட்டில் பாப்பா சாப்பிடுவதைக் குறைத்தாள். அக்கா எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போவாள். பக்கத்தில் உட்கார்ந்து கட்டின் முடிச்சைத் தொடுவாள். அக்கா கையைத் தட்டிவிடுவாள். பாப்பா எழுந்துபோய்ப் பெரிய கண்ணாடியின் முன் உட்கார்ந்து, தன் வாயைத் தானே அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சுத் துணைக்கு வேறு வாய் கிடையாது.

அதைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. காது கேளாதவர்கள் சங்கத்தில் பெரியவர்களுக்கும் கை பாஷை சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்து அக்காவிடம் சண்டை போட்டேன்.

"உனக்குக் கௌரவம் பெருசா, பிள்ளை பெருசா? நாளைக்கு நீ போயிட்டா அவ யாரு வாயப் பார்ப்பா? சொல்லு. வாயத் திறக்க முடியாதுல்ல, தலையையாவது ஆட்டு."

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சங்கத்துக்கு முதலில் நான் போனேன். அங்கே சொல்லித் தருகிற பெண்ணுக்கும் காது கேட்காது. 'முதல்ல அம்மா ஆரம்பிக்கட்டும், நாலு சொல் போதும்' என்று எழுதிக் காட்டினாள். சாப்பிடு, வலி, வா, பயப்படாதே. நான் கற்றுக்கொண்டு வந்து அக்காவுக்குக் காட்டினேன். பாப்பா குளிக்கப் போகிற நேரங்களில், அந்தப் பெரிய கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்து, அக்கா தன் கைகளை மேலே தூக்கிப் பழகினாள். துணி மடித்துத் தேய்ந்த விரல்கள், சொன்னபடி மடங்கவில்லை. வெட்கப்பட்டாள். ஆனால் விடவில்லை, பிடித்தால் பிடித்ததுதான் என்கிற குணம் அதிலும் இருந்தது.

கடை விடுமுறை நாளில் மத்தியானம் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். பாப்பா தட்டைத் தொடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் 'செய்' என்று தலையசைத்தேன். அக்கா வலது கையை மெதுவாக உயர்த்தி, விரல்களைக் குவித்து, மூடிய வாயருகே கொண்டுபோனாள். சாப்பிடு.

பாப்பா அந்தக் கையைப் பார்த்தாள். முகம் வெளிறியது. பழசு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி ஒரு கணம் அவள் விரலும் அசைந்தது, நான் கண்ணால் பார்த்தேன். உடனே அந்த விரலைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். அக்கா இன்னொரு கையையும் உயர்த்தினாள். பயப்படாதே.

பாப்பா எட்டி அந்த இரண்டு கைகளையும் பிடித்தாள். மேஜைமேல் வைத்து அழுத்தினாள். பிறகு அக்காவின் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

அக்கா கைகளை உருவிக்கொண்டு மறுபடி உயர்த்தினாள். பாப்பா அவற்றைப் பிடித்து இறக்கி, புறங்கையில் ஒரு தட்டு தட்டினாள். அழுத்தமாகத் தட்டவில்லை. எந்த அளவுக்குத் தட்ட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அம்...மா. வாய்" என்றாள். அது எனக்கே புரிந்தது.

அக்கா மேஜைமேல் கிடந்த தன் கைகளையும் அவற்றின்மேல் இருந்த மகளின் கைகளையும் பார்த்தாள். பிறகு ஒரு கையை விடுவித்து உச்சந்தலை முடிச்சுக்குக் கொண்டுபோனாள்.

"வேண்டாம்க்கா. அக்கா, வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும், பழகிக்குவா" என்று நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன். என்னைத் தள்ளிவிட்டாள். கட்டு அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. துணி பட்ட இடமெல்லாம் கன்னம் வரி வரியாகச் சிவந்திருந்தது.

அக்கா பாப்பாவை நேராகப் பார்த்து உட்கார்ந்தாள், வெளிச்சம் வாயில் விழுகிற மாதிரி. உதட்டை ஒட்டினாள். அகலமாக, பழையபடி, ஊருக்கே தெரிகிற மாதிரித் திறந்தாள்.

பாப்பாவின் முகம் மலர்ந்தது. அத்தனை நாளும் அவள் முகத்தில் நான் பார்க்காத மலர்ச்சி.

காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, வாய் திறந்தபடியே நின்றது. மிச்சச் சொல்லுக்காகப் பாப்பா சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.